மீனுக்கு ஒரு மைப்படி: கியோதாக்கு வகுப்புக்கான கைக்குறிப்பு

கோயில் சுவரில் கல்வெட்டு மைப்படி எடுப்பதைப் பார்த்தவர்களுக்குக் கியோதாக்குவைப் பாதி விளக்கினால் போதும். கல்லைக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் படியவைத்து, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்குவார்கள். மேலே மையை ஒற்றினால் மேடெல்லாம் கறுத்து, எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். கல் இருந்த இடத்தில் ஒரு மீனை வைத்தால் அதுதான் கியோதாக்கு. பெயரிலேயே அது இருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'கியோ' மீன், 'தாக்கு' படியெடுப்பது. கல்வெட்டுப் படியை அங்கே 'தாக்குஹோன்' என்பார்கள். இரண்டிலும் வருவது ஒரே 'தாக்கு'.

பள்ளியில் ஜப்பானியக் கலை என்று தொடங்கினால் பெரும்பாலும் ஒரிகாமிக் கொக்கு மடிப்பதோடு முடிந்துவிடுகிறது. கொக்கின்மேல் குறையில்லை. ஆனால் கலையும் இயற்கையும் ஒரே மேசையில் வேண்டும் என்றால் ஒரு மீன், ஒரு தாள், அரை டீஸ்பூன் மை, இவை தரும் பாடம் பெரிது. ஜப்பானில் கோடை விடுமுறைக்கு மாணவர்களுக்குக் கொடுக்கும் 'ஜியூ கென்கியூ', அதாவது தாங்களே தலைப்பைத் தேர்ந்து செய்யும் ஆய்வு வேலை, அதில் கியோதாக்கு வெகுகாலமாக ஒரு வழக்கமான தேர்வு. காரணம் எளிது. படம் வரையத் தெரியாத பிள்ளைக்கும் இது வரும். அவசரக்காரப் பிள்ளைக்கு மட்டும் வராது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இது கலையாகத் தொடங்கியதில்லை, அத்தாட்சியாகத் தொடங்கியது. இன்றைய யாமகாட்டா மாநிலத்தில், ஜப்பான் கடலோரம் இருந்த ஷோனாய் ஆட்சிப் பகுதியில், சாமுராய்களுக்குத் தூண்டில் மீன்பிடிப்பு ஒரு பயிற்சியாகவே ஊக்குவிக்கப்பட்டது. ட்சுருவோகா கோட்டை நகரத்திலிருந்து நீண்ட மூங்கில் தூண்டிலைத் தோளில் சுமந்துகொண்டு, இருட்டில் மலை தாண்டிப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து கடற்கரைப் பாறைகளுக்குப் போவார்கள். காலுக்கும் மனசுக்கும் உரம் ஏறும் என்பது கணக்கு. பெரிய மீன் கிடைத்தால் அதன் படி காகிதத்தில் ஏறியது. இன்று கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய கியோதாக்கு 1839-ஆம் ஆண்டுக்குரியது. எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், கின்ஷிபோரி என்ற நீர்நிலையில் பிடித்த 'ஃபுனா' என்னும் கெண்டை வகை மீனின் படி அது. ட்சுருவோகாவில் பாதுகாக்கப்படுகிறது.

தூண்டில்காரர்களின் கியோதாக்குவில் மீன் ஒரு பாதி, எழுத்து மறுபாதி. மீனின் பெயர், நீளம், எடை, பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர், கூடவே கண்ணால் கண்ட சாட்சியின் பெயர். சாட்சி இல்லாத பெரிய மீனை எந்த ஊரிலும் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது தூண்டில் பிடிப்பவர்களுக்குத் தெரியும். மாணவர்களிடம் 'அழகாகச் செய்' என்று சொல்லாமல் 'பொய் சொல்லாமல் செய்' என்று சொல்லித் தொடங்கினால் முழு வகுப்பும் வேறு மாதிரி போகும்.

இதற்கென்றே ரப்பரில் வார்த்த மீன்கள் விற்பனைக்கு உண்டு. நாற்றமில்லை, கெடாது, நூறு முறை பயன்படுத்தலாம். வேண்டாம் என்பேன். ரப்பர் மீனில் துடுப்பு ஏற்கெனவே விரிந்திருக்கும், கோழை இருக்காது, செவுளிலிருந்து நீர் கசியாது. பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் விஷயமெல்லாம் அந்தக் கோழையிலும் கசிவிலும்தான் இருக்கிறது. மீனைத் தொட விருப்பமில்லாத மாணவர் இருந்தால் ரப்பர் மீனைவிட, நரம்பு புடைத்த ஒரு நிஜ இலையைக் கொடுங்கள். தேக்கு, அரசு, பப்பாளி எதுவானாலும் சரி, இலையின் அடிப்பக்கம் மேலே இருக்கவேண்டும்.

எந்த மீன்

மீன்காரரிடம் மூன்றே விஷயம் சொல்ல வேண்டும்: செதில் எடுக்காதீங்க, வயிற்றைக் கீறாதீங்க, துடுப்பை வெட்டாதீங்க. கை பழக்கத்தில் கத்தரிக்கோல் துடுப்பைத் தேடிப் போய்விடும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளவும். குடல் எடுத்த மீனின் வயிறு குழிந்துவிடும், அங்கே தாள் படியாது, அச்சில் வயிற்றுப் பகுதி வெள்ளை ஓட்டையாக வரும்.

தட்டையான உடல், பெரிய செதில், கெட்டியான துடுப்பு ஆகிய மூன்றும் இருக்கும் மீனே பழகுவதற்கு நல்லது. ஜப்பானில் 'தாய்' எனும் செந்நிற மீனுக்கு முதல் மரியாதை. எபிசு என்ற தெய்வம் கையில் அணைத்திருப்பதும் அதைத்தான். நம் சந்தையில் சங்கராவும் ஜிலேபியும் அந்த வேலையைச் செய்யும். 20 முதல் 25 செ.மீ. நீளம், 150 முதல் 300 கிராம் எடை போதும். இதைவிடச் சிறியதில் விவரம் வராது. பெரியதைப் பிள்ளைகளால் சமாளிக்க முடியாது.

மத்தியைத் தொட்டாலே செதில் உதிரும். வௌவாலின் செதில் மிகப் பொடிசு, அச்சில் வெறும் சாம்பல் திட்டாகத்தான் தெரியும். கெளுத்திக்குச் செதிலே இல்லை, முள் குத்தினால் விஷக்கடுப்பு வேறு, வகுப்புக்குள் கொண்டுவரவே வேண்டாம். காரல் தட்டையாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதன் கோழையைத் துடைத்து முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும்.

ஜிலேபிக்கு என் தனி ஓட்டு ஒன்று உண்டு. மீனின் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால்வரை ஓடும் புள்ளிக் கோடு நீரின் அதிர்வை உணரும் உறுப்பு. பல மீன்களில் அது ஒரே கோடு. ஜிலேபியில் அது நடுவில் அறுந்து, சற்றுக் கீழே இறங்கி மறுபடி தொடங்கும். கையில் வைத்துப் பார்க்கும்போது யாரும் இதைக் கவனிப்பதில்லை. அச்சில் பளிச்சென்று தெரியும். முதுகுத் துடுப்பின் முட்களையும் எண்ணச் சொல்லுங்கள். நம் குளங்களில் பரவிக் கிடக்கும் வகையில் பெரும்பாலும் 15 முதல் 17 வரை இருக்கும். நல்ல அச்சு என்றால் அதிலும் அதே எண்ணிக்கை வரவேண்டும். மதிப்பெண் போட இதைவிட நேர்மையான வழி இல்லை.

நான்கு மாணவர்களுக்கு ஒரு மீன். 32 பேர் வகுப்புக்கு எட்டு மீன், கூடுதலாக ஒன்று. பனிக்கட்டியில் வைத்து, மீனுக்கும் பனிக்கட்டிக்கும் நடுவில் ஒரு பாலிதீன் உறை போட்டுக் கொண்டுவாருங்கள். ஃப்ரீசரில் உறையவைத்த மீன் அவசரத்துக்குத்தான். உருகும்போது மேலெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்து மையைக் கரைக்கும், முழுக்க உருகிவிட்டால் வயிறு தளர்ந்து செவுள் கசியும்.

கோழையோடு போராட்டம்

கியோதாக்கு கெடுவதற்கு முதல் காரணம் மை அல்ல, கோழை. மீன் செத்த பிறகும் அதன் தோல்மீது வழவழப்பு இருக்கும். அதற்கு மேல் மை பூசினால் மை தோலில் ஒட்டாமல் மிதக்கும். தாளை எடுத்ததும் செதில் வரிசை தெரியவேண்டிய இடத்தில் மேகம் மாதிரி ஒரு கறை.

இரண்டு மேசைக்கரண்டி தூள் உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கல் உப்பு செதிலைக் கீறும், கூடாது. மீனின் இருபுறமும் தூவி, விரல் நுனியால் தலையிலிருந்து வாலை நோக்கி மட்டும் தடவவேண்டும். எதிர்த்திசையில் தேய்த்தால் செதில் நிமிர்ந்துகொள்ளும், சில கழன்றும் போகும். கழன்ற இடம் அச்சில் சொத்தைப் பல் மாதிரி தெரியும். இரண்டு நிமிடம் கழித்து, ஒரு டம்ளர் நீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் அலசவும். விரலை வைத்து நகர்த்திப் பார்த்தால் வழுக்காமல் 'கிரீச்' என்று பிடிக்கவேண்டும். பிடிக்கவில்லையா, மறுபடி உப்பு. பெரும்பாலும் இரண்டாவது சுற்றில் சரியாகிவிடும்.

பிறகு வயிற்றை வால் பக்கமாக மெதுவாக அழுத்தி, வருவதை வெளியே வரவிட்டுத் துடையுங்கள். மலத்துளையில் பட்டாணி அளவு பஞ்சு, வாய்க்குள் கொஞ்சம், இரண்டு செவுளுக்குள்ளும் மடித்த டிஷ்யூ. மூக்குத் துளைகளை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்னத் துளையிலிருந்து ஒரு சொட்டு நீர் வந்தால் போதும், முகம் முழுக்க மை கரைந்துவிடும். குண்டூசி நுனியால் ஒரு துளி பஞ்சைத் திணியுங்கள். கடைசியாக டிஷ்யூவால் ஒற்றி ஒற்றி உலர்த்தவும். துடைக்கக் கூடாது, ஒற்றவேண்டும்.

படுக்கை

மேசைமேல் மீனைச் சும்மா படுக்கவைத்தால் உடல் மேலேயும் துடுப்பு கீழேயுமாக இருக்கும். உடலில் படிந்த தாள் துடுப்பைத் தொடவே தொடாது. அதனால் மீனின் பாதித் தடிமன் உள்ளே இறங்கும்படி ஒரு பள்ளம் வேண்டும். 3 செ.மீ. தடிமனுள்ள தெர்மாகோல் பலகையில் மீனின் உருவத்தைப் பேனாவால் வரைந்து, உள்பக்கத்தைக் குடைந்து எடுங்கள். களிமண் படுக்கையும் நல்லது, துடுப்புக்கும் வாலுக்கும் அடியில் வேண்டிய உயரத்துக்கு உருட்டி வைக்கலாம். ஆனால் ஈரக் களிமண்ணுக்கும் மீனுக்கும் நடுவில் பாலிதீன் தாள் அவசியம்.

இப்போது துடுப்புகள். முதுகுத் துடுப்பின் முன் முள்ளைப் பிடித்துத் தலைப்பக்கமாக இழுத்தால் விசிறிபோல் எழும். அப்படியே பிடித்து, முள்ளுக்குப் பின்னால் குண்டூசி குத்தி நிறுத்தவும். துடுப்பின் ஊடாகக் குத்தினால் கிழியும். வால், கீழ்த்துடுப்பு எல்லாவற்றுக்கும் இதுவே முறை. பக்கத் துடுப்பு உடல்மேல் படிந்து கிடக்கும், அதை விரித்து அப்படியே ஒட்டவிடலாம். மின்விசிறிக் காற்றில் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் துடுப்பு உலர்ந்து விறைத்துக்கொள்ளும். பிறகு குண்டூசிகளைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் தாள் கிழியும். கொடுத்தது 12 என்றால் திரும்ப வாங்கும்போதும் 12 எண்ணி வாங்குங்கள்.

இந்த இருபது நிமிடத்தில்தான் தாளைப் பற்றிப் பேசவேண்டும்.

தாளும் மையும்

ஜப்பானியக் கைத்தாளான 'வாஷி' பெரும்பாலும் கோசோ என்ற செடியின் உட்பட்டையில் செய்யப்படுவது. முசுக்கொட்டைக் குடும்பம். அதன் நார் சுமார் 10 மி.மீ. நீளம் வரும். நாம் எழுதும் மரக்கூழ்த் தாளின் நார் சில மி.மீ.தான். நீள நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், நனைந்தாலும் வாஷி எளிதில் கிழியாது, வளைவுகளில் துணிபோல் படியும். இரண்டு தாளின் துண்டுகளையும் நனைத்து மாணவர்களையே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், விளக்கம் தேவைப்படாது.

ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் எழுத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் 'ஹன்ஷி' தாள் சுமார் 24 செ.மீ.க்கு 33 செ.மீ. இருக்கும். 20 செ.மீ. மீனுக்கு இந்த அளவு கச்சிதம், எழுதவும் இடம் மிஞ்சும். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. வழவழப்பான பக்கம்தான் மீனைத் தொடவேண்டும். வாஷி கிடைக்காவிட்டால் மெல்லிய மல் துணி நன்றாக வரும், கஞ்சி போகத் துவைத்து இஸ்திரி போட்டு வையுங்கள். ஒத்திகைக்கு அச்சாகாத வெற்று நியூஸ்பிரின்ட் தாள். ஏ4 தாளும் சார்ட் பேப்பரும் உதவாது. இரண்டும் விறைப்பானவை, மீனின் வளைவில் படியாமல் மடிப்பு விழும்.

மை என்றால் 'சுமி'. விளக்குக் கரியையும் விலங்குப் பசையையும் பிசைந்து கட்டியாக்கிக் கல்லில் உரைத்து எடுப்பது. நாரா நகரம் இதற்குப் பேர்போனது. எண்ணெய்ப் புகைக்கரியில் செய்தது கதகதப்பான கறுப்பு, பைன் மரப் புகைக்கரியில் செய்தது நீலம் ஓடிய கறுப்பு. வகுப்புக்குப் புட்டியில் வரும் சுமி போதும். ஓவியக் கடையில் கிடைக்கும் நீர்புகா இந்தியன் இங்க் வேண்டாம். பலவற்றில் அரக்கு சேர்ந்திருப்பதால் தாள் வைக்கும் முன்பே செதில்மேல் காய்ந்து பிடித்துக்கொள்ளும். எதுவுமே கிடைக்காத இடத்தில் ஒரு டீஸ்பூன் கறுப்பு போஸ்டர் கலரில் நாலைந்து சொட்டு கிளிசரின், சில சொட்டு நீர். கிளிசரின் இல்லையென்றால் வேகமாக உலர்ந்துவிடும்.

20 செ.மீ. மீனின் ஒரு பக்கத்துக்கு அரை டீஸ்பூன் மை தாராளம். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் இதைப்போல நாலு மடங்கு எடுப்பார்கள். பிரஷ்ஷை மையில் தோய்த்ததும் நியூஸ்பிரின்ட்டில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பிரஷ் மயிரின் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. ஈரமாக மினுங்கும் பட்டையாக வந்தால் இன்னும் இரண்டு முறை இழுத்து வடியவிடுங்கள்.

அச்சு

மின்விசிறியை நிறுத்துங்கள். ஓர் அங்குலத் தட்டை பிரஷ்ஷால் தலையிலிருந்து வாலுக்கு மெல்லிசாகப் பூசவும். அடுத்து, பிரஷ்ஷில் புது மை எடுக்காமல், வாலிலிருந்து தலைக்கு எதிர்த்திசையில் ஒரு முறை. இந்த இரண்டாவது இழுப்பில்தான் செதிலின் விளிம்புக்கு அடியில் மை பிடிக்கும், அச்சில் ஒவ்வொரு செதிலும் பிறைபோல் தனித்து நிற்கும். துடுப்பும் வாலும் சீக்கிரம் உலரும் என்பதால் அவற்றைக் கடைசியில் பூசவும். கண்ணில் மை வேண்டாம், பட்டிருந்தால் ஈரப் பஞ்சால் துடைத்து எடுங்கள். படுக்கைமேல் சிந்திய மையையும் துடைக்கவேண்டும். அதை மறந்தால் மீனைச் சுற்றி ஒரு கறுப்பு ஒளிவட்டம் விழும்.

பூசத் தொடங்கியதிலிருந்து தாள் வைப்பதுவரை இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு பேர் நான்கு மூலையையும் பிடித்து, தாளின் நடுப்பகுதி முதலில் மீனைத் தொடும்படி இறக்குங்கள். தொட்ட பிறகு நகர்த்தக் கூடாது. சரியாக வைக்கவில்லை என்று இழுத்து நேராக்கினால் இரட்டை மீன் வரும். ஒருவர் தாளை அசையாமல் பிடிக்க, மற்றவர் உடலின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விரல் நுனியால் அழுத்திக்கொண்டே போகவும். தேய்ப்பது கூடாது. துடுப்பில் ஒவ்வொரு முள்ளையும் அதன் போக்கிலேயே விரலால் தொடர்ந்து போங்கள். வாய், செவுள் விளிம்பு, வாலடி மூன்றும் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். வாஷி மெல்லிசு என்பதால் மை ஊடே தெரியும், எங்கே வெளுப்பாக இருக்கிறதோ அங்கே இன்னொரு அழுத்து.

ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். முதல் படி பெரும்பாலும் குழம்பித்தான் இருக்கும். பிள்ளைகள் முகம் வாடும் நேரம் இது. உடனே, மை பூசாமல் அதே மீன்மேல் இரண்டாவது தாளை வையுங்கள். அதிகப்படி மையை முதல் தாள் குடித்துவிட்டதால் இரண்டாவதில் செதில்கள் எழுந்து வரும். சில சமயம் மூன்றாவது இன்னும் தெளிவு. நாலைந்து முறை பூசிய பின் செதில் இடுக்கில் மை அடைத்துக்கொண்டு எல்லாம் மழுங்கும். ஈரத் துணியால் தலையிலிருந்து வாலுக்குத் துடைத்து, ஒற்றி, மறுபடி தொடங்கலாம். ஒரு மீனில் எட்டு முதல் பத்துப் படி வரை எடுக்க முடியும். வாடை கூடினால் நிறுத்திவிடுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. ஜப்பானில் முழுமீனைப் பரிமாறும்போது தலை இடப்பக்கம் இருக்கவேண்டும் என்பது மரபு. படத்திலும் அப்படி வரவேண்டும் என்றால் மீனின் எந்தப் பக்கத்தில் மை பூசவேண்டும்? இடப்பக்கம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அச்சு கண்ணாடிப் பிம்பமாக விழும், ஆகவே பூசவேண்டியது மீனின் வலப்பக்கம். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கும் தட்டை மீன்களில் இது வேடிக்கையாகிவிடும். 'இடது ஹிராமே, வலது காரே' என்பது ஜப்பானியர் அவற்றை அடையாளம் காணும் வாய்ப்பாடு. ஹிராமேயை நேரடியாக அச்செடுத்தால் தாளில் கண் வலப்பக்கம் போய், காரே மாதிரி ஆகிவிடும். நம் நாக்கு மீனின் கண்கள் இடப்பக்கம் இருப்பவை, அதற்கும் இதே கதி.

இன்னொரு பொய்யும் தாளில் ஏறும். வளைந்த உடலைச் சுற்றிப் படிந்த தாளைத் தட்டையாக விரித்தால் மீன் குண்டாகத் தெரியும். உடலின் உயரம் 10 செ.மீ., தடிமன் 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். குறுக்குவெட்டை நீள்வட்டமாக எடுத்தால் மேலிருந்து கீழாக ஒரு பக்கத்தின் சுற்று சுமார் 11.5 செ.மீ. முழுக்கச் சுற்றி அழுத்தினால் 10 செ.மீ. மீன் 11.5 ஆகிவிடும். கணித ஆசிரியரிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள், மகிழ்ந்துபோவார். அதனால்தான் அளவைத் தாளில் எடுக்காமல் மீனிலேயே அளவுகோல் வைத்து எடுக்கவேண்டும்.

கண்

வெறுமையாக விட்ட கண்ணைத் தாள் நன்றாக உலர்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் வரையவேண்டும். கையால் வரைய அனுமதியுள்ள ஒரே இடம் இதுதான். மீனின் கண்ணை அருகில் வைத்துப் பாருங்கள். கருமணி முழு வட்டமாக இல்லாமல் பல மீன்களில் முன்பக்கமாக, மூக்கை நோக்கி, லேசாகக் கூர்ந்திருக்கும். அந்தக் கூர்மையை வரைந்தால் மீன் முன்னே பார்க்கும். வட்டம் போட்டு நிரப்பினால் பொம்மைக் கண். கருமணிக்குள் மேல் ஓரத்தில் கடுகளவு வெள்ளையை விட்டுவைக்கவும். வெள்ளைப் பெயின்ட்டால் பிறகு புள்ளி வைத்தால் அது ஒட்டவைத்தது போலவே தெரியும்.

எழுத வேண்டியவை

மீனின் பெயர், நீளம், எடை, தேதி. சந்தையில் வாங்கியது என்றால் அந்தச் சந்தையின் பெயர், முடிந்தால் மீன் வந்து இறங்கிய துறையின் பெயர். படியெடுத்தவர், சாட்சி. பக்கத்து இருக்கைப் பிள்ளை சாட்சிக் கையெழுத்துப் போடலாம், ஆனால் நீளத்தைத் தானும் ஒருமுறை அளந்து பார்த்த பிறகுதான்.

இந்தச் சின்ன எழுத்துகளுக்கு எவ்வளவு மதிப்பு என்பது 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது. தூண்டில் கடைகளிலும் பிற இடங்களிலும் மாட்டியிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட பழைய கியோதாக்குகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் படித்தார்கள். இன்று அரிதாகிவிட்ட மீன்கள் முன்பு எங்கெங்கே, எப்போது இருந்தன என்பதற்குச் சான்று கிடைத்தது. ஹொக்கைடோவின் இத்தோவும், நம் கொடுவாவுக்கு ஒன்றுவிட்ட உறவான அக்காமேயும் அதில் உண்டு. தேதியும் இடமும் எழுதாத படிகளால் இந்த வேலைக்குப் பயனில்லை.

மீனின் பெயரை ஜப்பானியச் சித்திர எழுத்திலும் எழுதச் சொல்லலாம். மீன் என்ற குறிக்குப் பக்கத்தில் வசந்தம் என்ற குறியைச் சேர்த்தால் 'சவாரா', நம் வஞ்சிரத்தின் இனம். மீனோடு குளிர்காலம் சேர்ந்தால் 'கொனோஷிரோ', பனி சேர்ந்தால் 'தாரா'. மத்திக்கு மீனோடு 'பலவீனம்' சேர்த்திருக்கிறார்கள், தண்ணீரைவிட்டு எடுத்ததும் வாடிவிடுகிறதல்லவா. எந்த மீனை எந்தப் பருவத்தில் தின்னவேண்டும் என்பதை எழுத்துக்குள்ளேயே அடைத்த மொழி. இவற்றை எழுதிப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு ஜப்பானின் பருவங்கள் பிடிபடுவதுபோல் வேறு எதிலும் பிடிபடாது.

ஓரத்தில் ஒரு சிவப்பு முத்திரை. பள்ளி ரப்பரில் முதலெழுத்தைச் செதுக்கினால் போதும், எழுத்தைத் திருப்பிச் செதுக்க மறக்கவேண்டாம். முத்திரை ஒரு செ.மீ. சதுரத்துக்கு மேல் போனால் கண் மீனை விட்டு அங்கேயே போய் நிற்கும். மீனைத் தாளின் நட்டநடுவில் வைக்காமல், தலைக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் விட்டு வைத்தால் நீந்த இடம் இருப்பதாகத் தோன்றும். பின்னணியில் அலையும் பாசியும் வரைய யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

மறைமுக முறை, ஒரு வார்த்தை

மேலே சொன்னது நேரடி முறை. உண்மையான மைப்படிக்கு நெருக்கமானது இன்னொன்று: மை பூசாத மீன்மேல் ஈரத்தாளைப் படியவைத்து, அது முக்கால்வாசி உலர்ந்ததும், பஞ்சைப் பட்டுத்துணியில் முடிந்த சின்ன ஒற்றுமுடிச்சால் தாளின் மேல்பக்கம் நிறத்தை ஒற்றிக்கொண்டே வருவது. படம் திரும்பாது, தலை இடப்பக்கம் வேண்டுமென்றால் மீனின் இடப்பக்கத்தையே மேலே வைக்கலாம். பல நிறங்களை வெளிறியதிலிருந்து அடர்ந்ததாக அடுக்கலாம். ஆனால் ஒரு மீனுக்கு மணிக்கணக்கில் ஆகும், தாள் கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் நிறம் படர்ந்துவிடும். எட்டாம் வகுப்புக்குக் கீழே இதைத் தொடவேண்டாம். இலையில் பழகிவிட்டு வரலாம்.

பின்ஒட்டு

உலர்ந்த படி சுருங்கிக் கசங்கி இருக்கும். லேமினேஷனுக்குக் கொடுத்துவிடாதீர்கள், வாஷியின் உயிரே போய்விடும். ஜப்பானில் 'உராஉச்சி' என்று பின்னால் இன்னொரு தாள் ஒட்டுவார்கள். ஒரு பங்கு கோதுமை மாச்சத்துக்கு ஐந்து பங்கு நீர் சேர்த்து, சிறு தீயில் இருபது நிமிடம் கிளறினால் பசை கெட்டியாகிக் கண்ணாடி மாதிரி ஆகும். ஆறியதும் பால் பதத்துக்கு நீர்த்துப் பயன்படுத்தவும். மைதாவிலும் செய்யலாம், ஆனால் அதிலிருக்கும் புரதம் நாளடைவில் பழுப்பேறும், பூச்சிக்கும் பிடிக்கும்.

மை முழுக்க உலர ஒரு நாள் விடுங்கள். படியைக் குப்புற ஒரு கண்ணாடிமேல் வைத்து, ஸ்பிரே பாட்டிலால் லேசாக நனைத்து, அகலப் பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுருக்கம் நீக்குங்கள். பசையைப் பின்பக்கம் மெல்லிசாகப் பூசி, எல்லாப் பக்கமும் 3 செ.மீ. பெரியதான இன்னொரு தாளை மேலே இறக்கி, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் காற்றை வெளியேற்றவும். சுமி உலர்ந்த பிறகு பெரும்பாலும் நீருக்கு அசையாது. போஸ்டர் கலரில் செய்த படி கரைந்து ஒழுகிவிடும், அதற்குப் பசை வேண்டாம், பின்பக்கத்தில் மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் போதும்.

வெளித் தாளின் ஓரத்தில் மட்டும் கெட்டிப் பசை தடவி, ஒட்டுப்பலகைமேல், மீன் வெளியே தெரியும்படி ஒட்டி ஒரு முழு நாள் விட்டால், உலரும்போது தாள் தானே இழுத்துக்கொண்டு மத்தளத் தோல்மாதிரி விறைக்கும். ஒரு மூலையில் பசை தடவாமல் சிறு இடைவெளி விட்டிருக்கவேண்டும், நாளைக்கு அதன் வழியாக ஒரு மெல்லிய அட்டையை நுழைத்துத்தான் பிரித்தெடுக்க முடியும்.